மென்பொருள் வேலையை வெளியே கொடுக்கப் போகிறீர்களா? டெல்டா தொழில்காரர்களுக்கு ஒரு செய்முறை

அரிசி ஆலை, ஜவுளிக்கடை, ரத்தப் பரிசோதனைக் கூடம் என்று டெல்டாவில் எந்தத் தொழிலை எடுத்தாலும் இன்று பில் போட ஒரு மென்பொருளும் வாடிக்கையாளருக்கு ஒரு ஆப்பும் தேவைப்படுகின்றன. இதற்கென்று சம்பளம் கொடுத்து ஆள் வைப்பது பலருக்குக் கட்டுப்படியாகாது. வெளியே கொடுத்துத்தான் செய்ய வேண்டும். திருச்சி நவல்பட்டில் எல்காட் பூங்கா இருக்கிறது, தஞ்சாவூரில் 2024 செப்டம்பரில் மினி டைடல் பூங்கா திறந்தார்கள். சென்னைக்குப் போகாமல் பக்கத்திலேயே ஆள் தேடலாம் என்ற எண்ணம் வந்திருப்பது நல்லதுதான்.

வேலையைக் கொடுப்பது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. கொடுத்தவரோடு சில வருடங்கள் மனஸ்தாபம் இல்லாமல் ஓட்டுவதும், பிரிய நேர்ந்தால் தொழில் நிற்காமல் பிரிவதும்தான் கஷ்டம். முதல்முறை இறங்குபவர்களுக்கு அதற்கான படிகள் இங்கே.

படி 1: என்ன வேலை என்று எழுதுங்கள்

"மில்லுக்கு ஒரு சாஃப்ட்வேர் வேணும், எவ்வளவு ஆகும்?" என்று போனில் கேட்டால் வாய்க்கு வந்த விலைதான் வரும். எடை போடும்போது நெல்லின் ஈரப்பதம் பதிய வேண்டுமா? சாக்குக்குத் தனிக் கணக்கா? தவிடு, குருணைக்குத் தனி பில்லா? இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். எழுதாதது பாதி வேலையில் நினைவுக்கு வந்தால், "அது பேசின வேலையில இல்லையே சார்" என்பார்கள். அப்படிச் சொல்வதில் தப்பும் இல்லை.

படி 2: ஆளை விசாரியுங்கள்

விலைப்பட்டியலைவிட, அவர் ஏற்கெனவே செய்து கொடுத்த இரண்டு கடைக்காரர்களிடம் பேசுவது உபயோகம். புதிய வாடிக்கையாளரை விட்டுவிடுங்கள், பழையவரிடம் பேசுங்கள். வேலை முடிந்து ஒரு வருடம் கழித்தும் போனை எடுக்கிறாரா என்று கேளுங்கள். அப்புறம், கோடு (மென்பொருளின் நிரல்) எழுதப்போவது அவரா, அவர் வேறு யாரிடமாவது கைமாற்றி விடுவாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். கைமாற்றுவது குற்றமில்லை, ஆனால் உங்களுக்குத் தெரிந்து நடக்க வேண்டும்.

பெரிய நிறுவனம் என்றால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். 2009 ஜனவரியில் சத்யம் என்ற பெரிய மென்பொருள் நிறுவனத்தின் தலைவரே கணக்கில் மோசடி செய்ததாகக் கடிதம் எழுதியபோது, உலகம் முழுக்க அதன் வாடிக்கையாளர்கள் தங்கள் வேலை என்னாகுமோ என்று திகைத்தார்கள். ஒற்றை ஆள் நடத்தும் இடத்தில் ஆபத்து வேறு மாதிரி: அவருக்கு வெளிநாட்டு வேலை கிடைத்தால் உங்கள் மென்பொருளும் அவரோடு விமானம் ஏறிவிடும்.

படி 3: எல்லாக் கணக்கும் உங்கள் பெயரில்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டாலும் பட்டா நம் பெயரில்தானே இருக்கிறது? இங்கேயும் அப்படித்தான். பலர் "நீங்களே எல்லாம் பாத்துக்குங்க தம்பி" என்று விட்டுவிடுகிறார்கள். தம்பியும் தன் மெயில் ஐடியிலேயே டொமைன் (இணைய முகவரி) வாங்கி, தன் கார்டிலேயே சர்வருக்குப் பணம் கட்டுகிறார். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, அவருக்கு அது சுலபம், அவ்வளவுதான். ஆனால் கணக்கு வழக்கில் ஒரு தகராறு வந்ததும் உங்கள் கடையின் இணைய முகவரியே அவர் கையில் இருப்பது தெரியவரும்.

முதலில் தொழிலின் பெயரில் ஒரு மெயில் ஐடி தொடங்குங்கள். டொமைன், சர்வர், பிளே ஸ்டோர் கணக்கு, கோடு வைக்கும் கிட்ஹப் கணக்கு எல்லாவற்றையும் அதில் திறந்து, ஓடிபி உங்கள் போனுக்கோ உங்கள் கணக்குப்பிள்ளை போனுக்கோ வரும்படி வையுங்கள். வேலை செய்பவருக்குத் தனி லாகின் கொடுத்தால் போதும். ஓடிபியைப் போனில் வாசித்துக் காட்டும் பழக்கம் வேண்டாம்.

நிறையப் பேர் மறப்பது எஸ்எம்எஸ். வாடிக்கையாளருக்கு வணிகக் குறுஞ்செய்தி அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, டிஎல்டி என்ற குறுஞ்செய்திப் பதிவுத் தளத்தில் நிறுவனத்தையும் அனுப்புநர் பெயரையும் செய்தி வடிவத்தையும் பதிய வேண்டும். அந்தப் பதிவு உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆள் மாறும்போது ஆடித் தள்ளுபடிச் செய்தி போகாது.

படி 4: ஒப்பந்தத்தில் எதைப் பார்ப்பது

"காசு கொடுத்தேன், கோடு என்னுடையது" என்பது சட்டப்படி சரியில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி கணினி நிரலும் ஒரு படைப்பு. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் எழுதியவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் எழுதியது முதலாளிக்குச் சேரும், வெளியாளுக்கு அது பொருந்தாது. உரிமையை மாற்ற வேண்டுமானால் எழுத்தில், அவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூருக்கு ஆன்லைனில் பொருள் அனுப்பும் கும்பகோணம் பாத்திரக்கடைக்கு இந்த ஒரு வரி முக்கியம். எனவே "பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும்" என்று எழுதச் சொல்லுங்கள். வக்கீல் கட்டணம் கொடுத்தாவது செய்ய வேண்டிய வேலை இது.

பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் "இது ஓடினால் இவ்வளவு" என்று இருக்கட்டும். அதே சமயம் இழுத்தடிக்கவும் வேண்டாம். அவர் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனம் என்றால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் வட்டி உண்டு. கொடுக்கும்வரை அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்கவும் முடியாது.

படி 5: சேவை அளவு

"மென்பொருள் 99.5 சதவீத நேரம் ஓடும்" என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். கணக்குப் போட்டால் 30 நாள் மாதத்தில் 3.6 மணி நேரம் நிற்கலாம் என்று அர்த்தம். 99.9 என்றால் சுமார் 43 நிமிடம். எவ்வளவு நேரம் என்பதைவிட எப்போது நிற்கிறது என்பதுதான் நமக்கு விஷயம். சம்பா அறுவடை நெல் வந்து இறங்கும் தை, மாசியில் ஆலையில் புது வெர்ஷன் போடக் கூடாது என்று எழுதிவிடுங்கள். ஜவுளிக்கடைக்கு ஆடியும் தீபாவளியும். இன்னொன்று, புகாருக்குப் பதில் சொல்லும் நேரம் வேறு, சரிசெய்யும் நேரம் வேறு. இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள்.

படி 6: புயல் வந்தால்?

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா கரையைக் கடந்தது. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. இங்கே தொழில் செய்பவருக்கு இது எப்போதோ ஒருமுறை வரும் ஆபத்து இல்லை, ஐப்பசி கார்த்திகை வந்தாலே யோசிக்க வேண்டியது. கடை, மென்பொருள்காரர், பேக்கப் ஹார்ட் டிஸ்க் மூன்றும் ஒரே ஊரில் இருந்தால் மூன்றும் ஒன்றாகப் படுத்துவிடும். சென்னை ஆள் என்றாலும் 2015 டிசம்பர் வெள்ளத்தை மறக்க வேண்டாம். தரவின் ஒரு நகல் வெளி மாநிலத்திலுள்ள கிளவுடில் (இணையவழிச் சேமிப்பிடம்) இருக்கட்டும். எத்தனை மணி நேரத் தரவு போனால் தாங்குவீர்கள், எவ்வளவு நேரத்தில் மீண்டும் ஓட வேண்டும் என்ற இரண்டையும் நீங்களே முடிவுசெய்து சொல்லுங்கள். மழைக்காலத்துக்கு முன், புரட்டாசியிலேயே, பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்றே எண்ணுவதில்லை.

படி 7: வாடிக்கையாளர் தகவல்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. வெளியாளிடம் கொடுத்தாலும் தரவுக்குப் பொறுப்பு உங்களுடையதே என்கிறது. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடமிருக்கிறது. சோதனைக்கு உண்மையான நோயாளிப் பட்டியலைக் கொடுக்காதீர்கள், பெயரும் எண்ணும் மாற்றிக் கொடுங்கள். தகவல் கசிந்தால் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆகவே அவர் உங்களிடம் அதற்கும் முன்பே சொல்வதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்.

படி 8: உறவும் பிரிவும்

மாதம் ஒருமுறை அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். இரண்டு பக்கமும் ஒரே ஒருவர் பொறுப்பு. முதலாளி ஒன்று, மகன் ஒன்று, மேனேஜர் ஒன்று என்று மூன்று பேர் வாட்ஸ்அப்பில் மாற்றம் கேட்டால் எந்த நல்ல ஆளும் ஓடிவிடுவார். விலையை அடிமட்டத்துக்கு அடித்துப் பேசுவதும் ஒரு ஆபத்துதான். லாபமில்லாத வேலைக்கு அவர் புதுப் பையனைத்தான் போடுவார்.

பிரிவதற்கு 60 நாள் ஒப்படைப்புக் காலம் என்று முதல் நாளே எழுதிவிடுங்கள். அந்த நாட்களில் கோடு, தரவுத்தளம், குறிப்புகள் எல்லாம் வாங்கி, புது ஆள் அவற்றை வைத்து ஒருமுறை மென்பொருளை ஓட்டிக் காட்டட்டும். ஓடியதும் பழையவருடைய லாகினை எல்லா இடத்திலும் மூடுங்கள், கடவுச்சொற்களை மாற்றுங்கள், அன்றைக்கே அவருடைய பாக்கியைத் தீர்த்துவிடுங்கள்.