பழைய குஷன் நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள்

ராயப்பேட்டையில் முப்பது வருடமாகக் குஷன் வேலை செய்கிறேன். பழைய நாற்காலியோடு வருபவர்கள் முதலில் காட்டுவது துணியைத்தான். துணியை வைத்து வயது சொல்ல முடியாது, அது நாலைந்து முறை மாறியிருக்கும். நாற்காலியைக் கவிழ்த்துப் போடுங்கள்.

அடித்துணியை ஓரமாகப் பிரித்து, டார்ச் அடித்துச் சட்டத்தைப் பாருங்கள். ஆணி ஓட்டைகள் மூன்று நான்கு வரிசையாகக் குழம்பிக் கிடந்தால் பலமுறை துணி மாறியிருக்கிறது. ஓட்டையே இல்லாமல் ஸ்டேப்ளர் பின் தடம் மட்டும் இருந்தால் அது பழசு இல்லை.

போன ஐப்பசியில் மயிலாப்பூரிலிருந்து ஒரு அம்மா தாத்தாவின் நாற்காலியைக் கொண்டுவந்தார். மேலே பளபளவென்று ரெக்ஸின். பின்சட்டத்தில் ஒரு ஆணி துருவேறி மரத்தோடு ஒட்டிக் கிடந்தது. மெல்ல நெம்பி எடுத்தேன். தலைக்கடியில் நகக்கண் அளவு கருஞ்சிவப்பு வெல்வெட் சிக்கியிருந்தது. அந்த அம்மா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

அப்புறம் ஸ்பிரிங். இருக்கைக்குச் சுருள் ஸ்பிரிங் வைக்கும் முறைக்கு இங்கிலாந்தில் 1828-ல் காப்புரிமை வாங்கினார்கள். ரப்பர் ஃபோம் வந்தது 1929-க்குப் பிறகு. ஆனால் பழைய சட்டத்துக்குள்ளும் பிற்பாடு யாராவது ஃபோம் திணித்திருப்பார்கள், அதை மட்டும் வைத்து வயது சொல்லாதீர்கள்.

ஸ்குரூ ஒன்றைக் கழற்றுங்கள். முனை மழுங்கலாக, தலையின் வெட்டு நடுவை விட்டு விலகியிருந்தால் 1850-க்கு முந்தியதாக இருக்கலாம். கூட்டல் குறித் தலை 1930-களில் வந்தது. கையால் அறுத்த தடம் என்றால் பழசு என்று ரம்பத் தடத்தை வைத்தும் வயது சொல்வார்கள், நம் ஊருக்கு அது சரிப்படாது. இங்கே வெகுகாலம் ஆட்கள் மேலும் கீழும் நின்று கையால்தான் மரம் அறுத்தார்கள்.

வடிவத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். நம் தச்சர்கள் சீமை நாற்காலியைப் பார்த்துத் தேக்கிலும் ஈட்டி மரத்திலும் பல காலம் செய்துகொண்டே இருந்தார்கள். முட்டி வளைந்த கால் என்றால் 1700-களின் தொடக்கத்து இங்கிலாந்து ராணி ஆன் பெயரில் வழங்கும் பாணி. இடுப்பு ஒடுங்கி மேலே உருண்ட முதுகு விக்டோரியா காலம். அகலக் கையும் உருண்ட மூலையும் ஆர்ட் டெகோ என்ற பாணி, பாரிமுனையில் 1940-ல் எழும்பிய டேர் ஹவுஸ் கட்டடத்தின் காலம். ஒரு நாற்காலி எந்தக் காலத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது என்பதை மட்டும்தான் வடிவம் சொல்லும்.

மயிலாப்பூர் நாற்காலிக்கும் வளைந்த கால்தான். ஆனால் ஈட்டி மரம், கூர்முனை ஸ்குரூ. 1850-க்குப் பிறகு இங்கேயே செய்தது என்றேன். சரி, அதே கருஞ்சிவப்பு வெல்வெட்டையே போட்டுவிடுங்கள் என்றார்.