பழைய வில்லுக்கத்தி எங்கே, எப்போது செய்தது என்று கண்டுபிடிக்க: பெயரைக் கடைசியில் பாருங்கள்

பஞ்சிகாவத்தையில் பழைய இரும்புச் சாமான் கடையிலோ, புறக்கோட்டை நடைபாதையிலோ, அப்பப்பாவின் மேசை லாச்சியிலோ ஒரு பழைய வில்லுக்கத்தி கிடைத்தால் எல்லாரும் முதலில் தேடுவது கம்பனிப் பெயரைத்தான். ராட்ஜர்ஸ் என்ற பழைய ஆங்கிலக் கம்பனியின் பெயர் இருந்துவிட்டால் கடைக்காரர் விலையை இரண்டு மடங்கு ஆக்கிவிடுவார். ஆனால் ஒரு கத்தியில் மிகச் சுலபமாகக் களவெடுக்கக்கூடியது பெயர்தான், அதனால் அதைக் கடைசிக்கு வையுங்கள்.

முதலில் எழுத்து தெரிய வேண்டும். கொழும்பின் உப்புக்காற்றில் கறள் பிடிக்காத பழைய கத்தி அபூர்வம், அதற்காக சாண்ட்பேப்பரை எடுத்துத் தேய்த்தீர்களோ முத்திரையும் போய்விடும், கத்தியின் பெறுமதியும் போய்விடும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு இரவு விடுங்கள், காலையில் பழைய துணியால் துடைத்து, எழுத்துப் பள்ளத்துக்குள் இருப்பதை ஈர்க்கு நுனியால் மெதுவாக எடுங்கள். அப்புறம் சோக் தூளைத் தடவித் துடைத்தால் வெள்ளை பள்ளத்துக்குள் மட்டும் தங்கும், டோர்ச்சைப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்தால் பாதி அழிந்த எழுத்துகூட எழும்பி வரும். செட்டியார் தெருவில் நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கி வைத்தால் நல்லது.

முத்திரை இருக்கும் இடம் அலகின் அடி, அதாவது பிடியோடு சேரும் இடத்தில் தீட்டாமல் தடிப்பாக விட்டிருக்கும் துண்டு. இரண்டு பக்கமும் பாருங்கள், எல்லா அலகையும் திறந்து பாருங்கள். பெரிய அலகில் ஒரு கம்பனியும் சின்ன அலகில் வேறொன்றும் இருந்தால் யாரோ இடையில் அலகு மாற்றியிருக்கிறார்கள். அலகின் முகத்தில் அமிலத்தால் அரித்து எழுதிய வாசகம் தீட்டத் தீட்டத் தேய்ந்துபோகும், ஆகவே அலகு பாதியாய்த் தேய்ந்திருக்க வாசகம் மட்டும் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

சரி, இப்போது நாட்டுப் பெயர். பிரித்தானியாவில் 1887இல் வந்த வணிகக் குறிச் சட்டம்தான் ஜெர்மன் சாமான்களில் நாட்டுப் பெயரைப் போட வைத்தது. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி வரிச் சட்டம் இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது, அதற்குப் பிறகுதான் இங்கிலாந்தின் கத்தி நகரமான ஷெஃபீல்டின் கத்திகளில் இங்கிலாந்து என்ற சொல் சாதாரணமாகிறது. மேட் இன் இங்கிலாந்து என்று முழுதாக இருந்தால் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு. ஆனால் இலங்கையில் ஒரு சிக்கல் இருக்கிறது: அமெரிக்காவுக்குப் போகாத கத்திக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, இங்கே வந்தவற்றில் அந்தச் சட்டத்துக்குப் பிறகும் வெறும் ஷெஃபீல்ட் மட்டும் இருக்கலாம். இங்கிலாந்து என்ற சொல் இல்லை, ஆகவே நூற்றுமுப்பது வருடப் பழசு என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள்.

ஜெர்மன் கத்தியில் ஸோலிங்கன் என்ற கத்தி நகரின் பெயர் இருக்கும். அதோடு வெஸ்ட் ஜெர்மனி என்று இருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான் என்று ஆங்கிலத்தில் இருந்தால் 1952ஓடு முடிந்த காலம். எஃகைப் பற்றிய சொல்லும் உதவும்: கறள் பிடிக்காத எஃகை ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கியது 1913இல், ஆகவே ஸ்டெயின்லெஸ், ரோஸ்ட்ஃப்ரை, இனாக்ஸ் எது இருந்தாலும் கத்தி அதற்குப் பிந்தியதுதான். சுவிஸ் கத்தியில் விக்டோரிநாக்ஸ் என்று இருந்தால் 1921க்குப் பிறகு.

இவற்றில் பெரும்பாலானவை ‘இதற்கு முன் இல்லை’ என்று மட்டுமே உறுதியாகச் சொல்கின்றன. எதற்குப் பின் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது, பழைய அச்சை வைத்துக்கொண்டு கம்பனிகள் வருடக்கணக்காக அடித்துத் தள்ளியிருக்கின்றன. அரச கிரீடமும் அதன் பக்கத்து எழுத்தும் அப்படித்தான். வி ஆர் என்றால் விக்டோரியா, 1837 முதல் 1901 வரை. ஈ ஆர் என்றால் எட்வர்டும் ஆகலாம், எலிசபெத்தும் ஆகலாம். ஜி ஆர் என்றால் எந்த ஜோர்ஜ் என்று கத்தியின் மற்ற உறுப்புகளைத்தான் கேட்க வேண்டும்.

இனி ராட்ஜர்ஸ். அசல் ஜோசப் ராட்ஜர்ஸ் கத்தியில் ஒரு நட்சத்திரமும் மால்டா சிலுவையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பலவற்றில் 6, நோர்போக் தெரு என்ற முகவரியும் வரும். போலி செய்தவர்கள் பெயரில் டி எழுத்தை விட்டுவிடுவார்கள், ஜோசப்புக்குப் பதில் வேறு முதலெழுத்துப் போடுவார்கள், சிலுவையை ஏதோ ஒரு பூ மாதிரி ஆக்கிவிடுவார்கள். லென்ஸை வைத்து சிலுவையின் நான்கு கைகளைப் பாருங்கள்: நடுவில் ஒடுங்கி வெளியே விரிந்து இருக்க வேண்டும். இன்னொரு ஷெஃபீல்ட் கம்பனியான ஜோர்ஜ் வோஸ்டன்ஹோமின் ஐ எக்ஸ் எல் குறியில் முதல் எழுத்துக்குப் பின் நட்சத்திரம் உண்டு. ராட்ஜர்ஸ் விளம்பரத்திலோ கத்தியிலோ 1682, ஜெர்மன் கம்பனியான ஹென்கெல்ஸின் இரட்டையர் குறியோடு 1731 என்று பார்த்தால் மயங்க வேண்டாம், அது குறி பதிவான வருடம், உங்கள் கத்தி பிறந்த வருடம் அல்ல.

இராணுவக் கத்தி இலங்கையில் கிடைப்பதில் ஆச்சரியமில்லை. திருகோணமலையில் கடற்படை இருந்தது, 1944இல் நேசநாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனின் தலைமையகம் கண்டிக்கு வந்தது. மூன்று கோடு ஒரு முனையில் சேரும் அம்புக்குறி பிரித்தானிய அரசின் சொத்து என்பதற்கு அடையாளம், பக்கத்தில் வருடமும் இருந்தால் உங்கள் வேலை முடிந்தது. அதைவிடத் துல்லியம் வெள்ளி அலகுள்ள, பழம் வெட்டும் கத்திதான்: சிங்கக் குறி வெள்ளி என்று சொல்லும், கிரீடம் ஷெஃபீல்ட், நங்கூரம் பர்மிங்ஹாம், கூடவே இருக்கும் ஒற்றை எழுத்து வருடத்தைச் சொல்லும். அந்த எழுத்து அட்டவணைகள் இணையத்தில் இலவசம். ஷெஃபீல்டின் கிரீடம் 1974ஓடு முடிந்து ரோஜாவாக மாறியது.

எல்லாம் பார்த்தபின் கத்தியும் முத்திரையும் ஒத்துப்போகிறதா பாருங்கள். விக்டோரியா எழுத்தும் பேக்கலைட் பிடியும் ஒன்றாக வரக்கூடாது, பேக்கலைட் 1907க்குப் பிறகுதான். ஆணி புதுசாகப் பளபளத்தால் பிடி மாற்றியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத சின்னக் கம்பனி என்றால் முத்திரையில் உள்ள தெருப் பெயரை அப்படியே போட்டு ஷெஃபீல்டின் பழைய வணிக முகவரிப் புத்தகங்களில் தேடுங்கள், பல ஸ்கேன் செய்யப்பட்டிருக்கின்றன. செல்லுலாய்ட் பிடிக் கத்தி கிடைத்தால் மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், அது அழுகும்போது வரும் வாயு பக்கத்துக் கத்திகளை அரித்துவிடும், நம்ம ஊர் வெப்பத்தில் இன்னும் வேகமாக.