மஞ்சள் முக்கோணமும் செத்த வாத்துகளும்

இந்தப் பூச்சி மருந்து பறவைகளுக்கு ஆகுமா என்று கேட்டால், பலரும் டப்பாவைத் திருப்பி, நச்சு எவ்வளவு கடுமை என்று காட்டும் முக்கோணத்தின் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். சிவப்பு இல்லையா? சரி, பயமில்லை. முதல் சறுக்கல் இங்கேதான். அந்த நிறம், எலி போன்ற விலங்குகளில் சோதித்துப் பார்த்து, மருந்தைக் கையாளும் மனிதருக்காகப் போட்டது. டயசினான் என்ற பூச்சிக்கொல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். சோதனை எலிகளில் பாதி சாக, உடல் எடையில் கிலோவுக்குச் சில நூறு மில்லிகிராம் வேண்டும். நம் ஊர்க் கணக்கில் அது சிவப்புக்கு அடுத்த படியான மஞ்சள் முக்கோணம். மல்லார்டு வாத்துக்கோ கிலோவுக்கு 3.5 மில்லிகிராம் அளவே போதும். டயசினான் போன்ற மருந்துகளை உடைக்கும் ஒரு நொதி பறவைகளின் ரத்தத்தில் மிகக் குறைவு. 1984-இல் நியூயார்க் மாநிலத்தில், டயசினான் போட்ட கோல்ஃப் மைதானப் புல்லை மேய்ந்து பிராண்ட் எனும் பெருவாத்துகள் சுமார் 700 செத்தன.

ஏக்கருக்கு எத்தனை கிலோ என்று மட்டும் கணக்குப் போடுவது அடுத்த தவறு. பறவை ஏக்கரையா தின்கிறது? கோழி அறுக்கும்போது பாருங்கள், கெட்டியான ஒரு பைக்குள் சிறு கற்கள் கிடக்கும். தீனியை அரைக்க அவை விழுங்கியவை. வரப்பில் சிந்திய குருணை மருந்தும் அதே பருமன்தான். அமெரிக்காவில் விற்ற கார்போபியூரான் என்ற வீரியமான பூச்சிக்கொல்லியின் ஒரே ஒரு குருணை மணி, ஒரு சிட்டைக் கொல்லப் போதுமானதாக இருந்தது. 1990-களில் அதைப் படிப்படியாக நிறுத்தினார்கள்.

அப்புறம், "செத்த பறவை ஒன்றையும் காணோமே" என்ற பேச்சு. மருந்து ஏறிய பறவை புதருக்குள் போய் ஒடுங்கும். வெளியே விழுந்ததை விடிவதற்குள் நாயோ கீரியோ இழுத்துக்கொண்டு போய்விடும். முறையாகத் தேடுபவர்கள் முதலில் தாங்களே பத்து செத்த குஞ்சுகளை வயலில் போட்டுவைப்பார்கள். மறுநாள், எங்கே போட்டது என்று தெரியாத ஆள் தேடிப்போய் இரண்டோடு திரும்பினால், கண்ணில் பட்ட ஒவ்வொன்றுக்கும் ஐந்து என்று கணக்கு. இதைச் செய்யாமல் 'பாதிப்பு இல்லை' என்று எழுதும் அறிக்கையை நான் நம்புவதில்லை.

சாவை மட்டும் எண்ணுவதும் போதாது. டிடிடி பல பறவைகளை நேரடியாகக் கொல்லவில்லை, முட்டை ஓட்டை மெலிதாக்கியது. கனடாவில் வெண்கொண்டைச் சிட்டுகளுக்கு, மருந்து கலந்த சில விதைகளில் இருக்கக்கூடிய அளவு இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லியைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-இல் வெளியான ஆய்வு. சிட்டுகள் சாகவில்லை. சில மணி நேரத்தில் எடை குறைந்து, வலசை கிளம்புவது சுமார் மூன்றரை நாள் தள்ளிப்போனது.