பழைய கட்டடங்களைக் காக்கும் வேலைக்கு வர விரும்பும் பிள்ளைகளுக்கு

கொழும்பில் பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போடுவது என் தொழில். இந்தத் துறைக்கு வர ஆசைப்படும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "எந்தப் பட்டம் செய்ய வேண்டும்?" என்றுதான்.

சரி, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொல்லியலை யாழ்ப்பாணம், பேராதனை, களனிப் பல்கலைக்கழகங்களில் படிக்கலாம். கட்டடக்கலை என்றால் மொறட்டுவை. பழங்கட்டடப் பாதுகாப்பில் மேற்படிப்பும் அங்கே உண்டு. இரசாயனம் படித்தவர்களுக்கும் இடம் இருக்கிறது. நூதனசாலைப் பொருட்களைப் பேண அவர்கள் வேண்டும். தொல்பொருள் திணைக்களம், மத்திய கலாசார நிதியம் இரண்டின் வேலை விளம்பரங்களையும் விடாமல் பாருங்கள்.

சிங்களம் கட்டாயம் பேசப் பழகுங்கள். சாரக்கட்டில் நிற்கும் மேசன் பாஸிடம்தான் பாதிப் படிப்பு இருக்கிறது. தமிழையும் விட்டுவிடாதீர்கள். காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. சீனம், பாரசீகத்தோடு அதில் தமிழும் உண்டு. அப்படியான எழுத்தை வாசிக்க ஆள் வேண்டும்.

அப்புறம் சுண்ணாம்பு. நான் வேலைக்கு வந்த புதிதில், புறக்கோட்டையில் ஒரு பழைய கடைச் சுவருக்கு உரிமையாளர் சீமெந்து பூசிவிட்டார். இரண்டு மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது, உள்ளே இருந்த செங்கல்லையும் பெயர்த்துக்கொண்டு. சுண்ணாம்புச் சுவர் குடித்த ஈரத்தை வெளியே விடும். சீமெந்து அதை அடைத்துவிடும். ஈரத்தில் உள்ள உப்பு உள்ளேயே படிந்து கல்லை உடைக்கும். அந்தச் சுவரை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஆகவே நீற்றிய சுண்ணாம்பைக் குழைத்து, மெல்லிய பூச்சாகப் பூசி, காயும்வரை காத்திருக்கப் பழகுங்கள்.

சட்டத்தில் ஒரு திகதியை மறக்க வேண்டாம். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியதைத்தான் புராதனச் சின்னம் என்கிறது. கொழும்பில் 1757இல் கட்டி முடிந்த வுல்வெண்டால் தேவாலயம் அதற்குள் வரும். கோட்டையில் 1906இல் எழுந்த கார்கில்ஸ் கட்டடம் தானாக வராது. அப்படியானவற்றைப் பாதுகாக்க அரசின் தனி அறிவித்தல் தேவை. கொழும்பில் நமக்கு வேலை அதிகம் இருப்பது இந்தப் பிந்திய கட்டடங்களில்தான்.

பட்டத்துக்குக் காத்திருக்காமல் இந்த ஞாயிறே தொடங்கலாம். தெரிந்தவர் ஒருவரின் பழைய வீட்டில், கேட்டு அனுமதி வாங்கி, ஓர் அறையை அளந்து வரையுங்கள். நாடாவின் நுனியைப் பிடிக்க ஒரு தோழரைக் கூட்டிப் போங்கள். நாலு சுவரோடு நிறுத்தாமல் மூலைக்கு மூலை குறுக்காகவும் அளந்து எழுதுங்கள். பழைய அறைகள் பெரும்பாலும் கோணலாகத்தான் இருக்கும், வீட்டுக்கு வந்து வரையும்போது அந்தக் குறுக்களவு இல்லாமல் நாலு சுவரும் படத்தில் சரியாகப் பொருந்தாது.