பள்ளிக்கூட மதிலோரம் உயிர்வேலி: சாலைப் புகையைத் தடுக்கும் செடிகளை நடுவது எப்படி?

பிரதான சாலையை ஒட்டிய பல பள்ளிக்கூடங்களில் காலை வழிபாடு முன்பக்க மைதானத்தில்தான் நடக்கிறது. சாலையில் வண்டிகள் நெரிசலாக ஊர்ந்துகொண்டிருக்கும் நேரமும் அதுதான். பெரும்பாலான வண்டிகளின் புகைக்குழாய் தரையை ஒட்டி இருக்கிறது; ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் மூக்கும் அதைவிட அதிக உயரத்தில் இல்லை. காற்றில் நுண்துகள் (பி.எம். 2.5) ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தரநிலை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த அளவோ வெறும் 5. ஆகவே, அரசு சொன்ன அளவுக்குள் இருக்கிறது என்று நாம் சும்மா இருந்துவிட முடியாது.

இலைகள் புகையை உறிஞ்சிவிடும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. இலைமேல் கொஞ்சம் தூசி படிவது உண்மைதான். ஆனால் அடர்ந்த வேலியின் முக்கிய வேலை, சாலையோரக் காற்றை மேலே திருப்பிவிடுவது. மேலே போகும் புகை நல்ல காற்றோடு கலந்து நீர்த்துப்போகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் ஒவ்வொரு வேலைக்கும் காரணம் விளங்கும்: வேலி தாழ்வாகத் தொடங்க வேண்டும், அடர்த்தியாக இருக்க வேண்டும், இடைவெளி இருக்கக் கூடாது.

படி 1: இடத்தையும் காற்றையும் பாருங்கள்

முதலில் தெருவின் அமைப்பைப் பாருங்கள். இருபுறமும் உயர்ந்த கட்டடங்கள் நெருக்கி நிற்கும் குறுகலான தெருவில் குடைபோல் விரியும் மரங்களை வரிசையாக நட்டால், புகை மேலே போக வழியின்றிக் கீழேயே தங்கிவிடும். அங்கே நிழலுக்காக ஒன்றிரண்டு மரம் இருக்கட்டும். புகைக்குத் தாழ்வான செடிவேலி போதும். திறந்த, அகலமான சாலை என்றால் உயரமான வேலியே நல்லது.

அடுத்தது காற்றின் திசை. சென்னையில் ராஜீவ் காந்தி சாலை வடக்குத் தெற்காக ஓடுகிறது. கடல் அதற்குக் கிழக்கே இருக்கிறது. கோடையில் பிற்பகல் கடற்காற்று வீசும்போது சாலைப் புகை மேற்குப் பக்கம்தான் போகும். ஆகவே மேற்குப் பக்கப் பள்ளிக்கு வேலி இன்னும் அவசரம். உங்கள் ஊரில் ஒரு குச்சியில் துணிநாடாவைக் கட்டி, காலை, மதியம், மாலை எனச் சில நாட்கள் குறித்துவையுங்கள்.

படி 2: செடியைத் தேர்ந்தெடுங்கள்

ஆண்டு முழுவதும் இலை உதிர்க்காமல் நிற்க வேண்டும். இலை சிறியதாக, சொரசொரப்பாக அல்லது நுண்மயிருடன் இருந்தால் தூசி நன்றாகப் பிடிக்கும். தரையிலிருந்தே கிளைக்க வேண்டும்.

என் முதல் தேர்வு நொச்சி. ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள்: மேற்புறம் பச்சையாகவும் அடிப்புறம் நுண்மயிர் படர்ந்து சாம்பல் வெண்மையாகவும் இருக்கும். ஆடு, மாடு பெரும்பாலும் கடிக்காது. போத்து (கிளைத்துண்டு) வெட்டி ஊன்றினாலே தழைத்துவிடும் என்பதால் செலவும் இல்லை. கடும் வறட்சியில் மட்டும் இலை கொட்டும். அந்த மாதங்களில் தண்ணீர் விட வேண்டும். நொச்சியோடு ஆடாதோடை, மருதாணி, இட்லிப்பூ ஆகியவற்றைக் கலந்து நடலாம். ஒரே வகையை நட்டால், ஒரு பூச்சி வந்தால் வேலி முழுவதும் போய்விடும். இடம் தாராளமாக இருந்தால், செடிவரிசைக்குப் பின்னால் புங்கன், மகிழம், பூவரசு ஆகியவற்றில் ஒன்றை நடுங்கள்.

இரண்டு செடிகளைத் தவிர்த்துவிடுங்கள். நான்குவழிச் சாலைகளின் நடுவே செழித்து நிற்கும் அரளி புகையை நன்றாகத் தாங்கும்; ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. சிறுபிள்ளைகள் விளையாடும் இடத்தில் அது கூடவே கூடாது. மற்றொன்று, விரைவில் வளரும் என்று நர்சரிகளில் பரிந்துரைக்கும் கோனோகார்பஸ். குஜராத் அதை நடுவதற்கு 2023-இல் தடை விதித்தது. பின்னர் தமிழ்நாடும் தடை விதித்திருக்கிறது.

முருங்கையும் கறிவேப்பிலையும் இந்த வரிசையில் வேண்டாம். சத்துணவுக்கு ஆகுமே என்ற நல்லெண்ணத்தில் பலர் நடுகிறார்கள். ஆனால் புகையைத் தாங்க நடும் செடியின் இலையைப் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுக்கக் கூடாது. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது என்றாலும், பழைய சாலைகளின் ஓரத்து மண்ணில் படிந்த ஈயம் எளிதில் போகாது.

படி 3: அளவு குறியுங்கள்

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016-இல் வெளியிட்ட வழிகாட்டி, நெடுஞ்சாலையோர வேலிக்கு 5 மீட்டர் உயரமும் 10 மீட்டர் அகலமும் கேட்கிறது. நம் பள்ளிகளில் அவ்வளவு இடம் கிடைப்பது அரிது. கிடைத்த இடத்தில், இருக்கும் மதிலையும் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். மதிலின் உட்புறம் ஒன்றரை மீட்டர் அகலம் ஒதுக்கி, செடி மதிலைவிட ஒரு மீட்டராவது மேலே எழும்படி வளர்க்கலாம். ஓர் அடிதான் இடம் என்றால் கம்பிவலை கட்டி ரங்கூன் மல்லிக் கொடியை ஏற்றுங்கள்.

வேலி, பிள்ளைகள் நிற்கும் இடத்தோடு முடிந்துவிடக் கூடாது. முனையைச் சுற்றிக்கொண்டு புகை உள்ளே வரும். இரு முனைகளையும் உட்பக்கமாகத் திருப்பிச் சில மீட்டர் நீட்டுங்கள். மதிலுக்கு வெளியே நட வேண்டுமானால் உள்ளாட்சி அல்லது நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி தேவை. வளைவிலும் சந்திப்பிலும் ஓட்டுநரின் பார்வையை மறைக்கும்படி எதையும் நடாதீர்கள். மின்கம்பிக்கு அடியில் மரம் வேண்டாம்.

படி 4: நடவு

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசி நல்ல காலம். கோடை வருவதற்குள் வேர் இறங்கிவிடும். தனித்தனிக் குழி தோண்டாமல், இரண்டு அடி அகலத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்கு நீளக் குழி எடுங்கள். சாலையோர மண்ணில் ஜல்லியும் சிமெண்டுக் கட்டியும் நிறைய வரும். அவற்றைப் பொறுக்கிவிட்டு, மண்ணில் மட்கிய தொழு உரம் கலந்து நிரப்புங்கள். இரண்டு வரிசையாக, செடிக்குச் செடி ஒன்றரை அடி விட்டு, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேராக மறு வரிசையின் செடி வரும்படி நடுங்கள். நொச்சிப் போத்து என்றால் பென்சிலைவிடச் சற்றுத் தடிமனாக, முக்கால் அடி நீளத்தில் வெட்டி, பாதிக்கு மேல் மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். பிறகு சருகு மூடாக்குப் போட்டுத் தண்ணீர் விடுங்கள்.

படி 5: கவாத்து

பெரும்பாலான வேலிகள் கெடுவது இங்கேதான். செடி வேகமாக வளர்கிறதே என்று மகிழ்ந்து விட்டுவிடுவோம். ஓராண்டில் அது தலைக்கு மேல் பச்சையாகவும் முழங்காலுக்குக் கீழே வெறும் குச்சியாகவும் நிற்கும். புகை அந்த அடிப்பகுதி வழியாகவே நுழைந்துவிடும். அதனால் செடி முழங்கால் உயரத்தைத் தாண்டியதும், மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு நுனியை வெட்டுங்கள். பக்கக் கிளைகள் வரும். அவை ஒரு முழம் நீண்டதும் மறுபடி வெட்டுங்கள். வளர்ந்த வேலி அடியில் அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருக்கட்டும். அப்போதுதான் கீழ்க்கிளைகளுக்கு வெயில் கிடைக்கும். இலைகளில் தூசி படிந்திருக்கும் என்பதால், வெட்டும்போது முகக்கவசம் அணியுங்கள். அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

படி 6: பராமரிப்பும் சோதனையும்

மழை இல்லாத மாதங்களில் அவ்வப்போது குழாய்நீரால் இலைகளைக் கழுவிவிடுங்கள். வெட்டிய தழையையும் சருகையும் ஒருபோதும் எரிக்காதீர்கள். குழியில் போட்டு மட்கவிட்டு, பூச்செடிகளுக்கு இடுங்கள்.

வேலி வேலை செய்கிறதா என்று மாணவர்களையே பார்க்கச் சொல்லலாம். மழை பெய்து சில நாள் கழிந்த பின், ஒட்டும் டேப்பைச் சாலைப்பக்க இலையில் அழுத்தி எடுத்து வெள்ளைத்தாளில் ஒட்டுங்கள். உட்பக்க இலைக்கும் அப்படியே செய்யுங்கள். செம்மண் நிறம் என்றால் பெரும்பாலும் மண்தூசி. கருமை என்றால் புகைக்கரியும் டயர்த் தேய்மானமும் சேர்ந்தது. இரண்டு தாளும் ஒரே மாதிரி இருந்தால் வேலியில் எங்கோ ஓட்டை இருக்கிறது. குனிந்து, அடிப்பகுதியில் தேடுங்கள்.

பள்ளி வாயிலை வேலியால் அடைக்க முடியாது. அங்கே பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோரிடம் வண்டியின் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கச் சொல்லுங்கள். காலை வழிபாட்டைக் கட்டடத்தின் பின்புறத்துக்கு மாற்ற முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். செடி வளர்ந்து அடர்த்தியாகும் வரை காத்திராமல் நாளைக்கே செய்யக்கூடியவை இவை.