பெண்ணிய இறையியலில் கடவுளின் கடந்தநிலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிறிஸ்தவச் சிந்தனையைப் பெண்களின் பார்வையில் மறுபடி ஆராயும் பெண்ணிய இறையியல், கடவுளின் கடந்தநிலையை, அதாவது அவர் உலகத்துக்கு அப்பாற்பட்டவர் என்பதை, தூக்கியெறிந்துவிட்டது என்று பலர் சொல்கிறார்கள். மற்றக் குழப்பங்களுக்கெல்லாம் வேர் இந்த எண்ணம்தான்.

பெண்ணிய இறையியலாளர்களின் கண்டனம் எதன்மேல் என்று முதலில் பாருங்கள். உலகத்தைத் தொடாமல் மேலிருந்து ஆளும் பேரரசன் என்ற சித்திரத்தின்மேல்தான். ஆவி மேல், உடல் கீழ்; ஆண் மேல், பெண் கீழ் என்ற அடுக்கின் உச்சியில் கடவுளை அமர்த்தினால், அந்த அடுக்கு முழுவதற்கும் புனிதம் வந்துவிடுகிறது. அவர்களில் ஒருவரான ரோஸ்மேரி ராட்ஃபோர்ட் ரூத்தர் எதிர்த்தது இதைத்தான். கடவுள் ஆண் என்றால் ஆணே கடவுளாகிவிடுகிறான் என்று இன்னொருவரான மேரி டேலி 1973-இல் எழுதியதும் இதே கோபத்தில்தான்.

சொல்லப்போனால், கடந்தநிலையே பெண்ணிய வாதத்துக்கு வலுவான ஆயுதம். படைத்தவருக்கும் படைப்புக்கும் எவ்வளவு ஒப்புமை சொன்னாலும் வேற்றுமை அதைவிடப் பெரிது என்று 1215-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் நான்காம் லாத்தரன் சங்கம் அறிவித்தது. அப்படியானால் ‘தந்தை’, ‘அரசர்’ என்ற சொற்களும் கடவுளை அடக்கிவிட முடியாது. பெண்ணிய இறையியலாளர் எலிசபெத் ஜான்சன் 1992-இல் வெளியான தம் நூலில் இந்தப் பழைய மரபையே கையில் எடுத்தார்: கடவுள் அறிவுக்கு எட்டாதவர், அதனால் பல பெயர்கள் வேண்டும், பெண்பாற் பெயர்களும் வேண்டும். ஆண்பாற் சொல்லை நேர்ப்பொருளில் பிடித்துக்கொள்வதுதான் கடவுளைச் சிறிதாக்குகிறது. எனக்கு இந்த வாதம் மறுக்க முடியாததாகப் படுகிறது.

கடந்தநிலை என்றால் தூரம் என்று எண்ணுவது இன்னொரு தவறு. ஒரே வகைப் பொருள்களுக்குள்தான் அருகும் தொலைவும் ஒன்றையொன்று விலக்கும். கடவுள் உலகப் பொருள்களில் ஒன்றல்ல, ஆகவே முற்றிலும் வேறாயிருந்தும் முற்றிலும் நெருங்கியிருக்கலாம் என்பது இறையியலாளர் கேத்ரின் டேனர் 1988-இல் வைத்த விளக்கம்.

உலகத்தைக் கடவுளின் உடல் என்று சொன்ன இறையியலாளர் சாலி மெக்ஃபேக்கைப் படித்துவிட்டு, உலகமே கடவுள் என்கிறார் என முடிவுகட்ட வேண்டாம். அவர் அதை ஓர் உருவகமாகவே முன்வைத்தார். உலகம் கடவுளுக்குள் இருக்கிறது, கடவுளோ உலகத்தோடு முடிந்துவிடுவதில்லை.

ஆற்றலும் கடந்தநிலையும் ஆணுக்கு, கனிவும் நெருக்கமும் பெண்ணுக்கு என்று பங்கு பிரிப்பதும் கூடாது. அது பழைய அடுக்கையே பின்வாசல் வழியாக உள்ளே விடும். விவிலியத்தில் ஏசாயா நூலின் 42-ஆம் அதிகாரத்தில் 13-ஆம் வசனம் கடவுளைப் போர்வீரனாகக் காட்டுகிறது. அடுத்த வசனத்திலேயே அவர் பிரசவ வேதனையில் கதறும் பெண். இரண்டிலும் முழங்குவது ஆற்றல்தான்.