வெள்ளம் வடிந்த வீட்டில் சேறு அள்ள: முதன்முறை செல்லும் தன்னார்வலருக்கான செய்முறை

வெள்ளம் வந்த முதல் சில நாள்களில் உதவிக்கு நிறையப் பேர் வருவார்கள். தண்ணீர் வடிந்த பிறகுதான் வீடுகளுக்குள் முதுகொடியும் வேலை தொடங்கும். அப்போது ஆள் கிடைப்பதில்லை. ஈரம் ஊறிய சுவரிலும் மரச்சாமான்களிலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே, ஒரு வீட்டுக்கு நாம் எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு பொருள்கள் மிஞ்சும். இந்த வேலைக்கு முன்அனுபவம் தேவையில்லை, முறை தெரிந்தால் போதும்.

கிளம்புவதற்கு முன்

தனியாகப் புறப்படாதீர்கள். அந்தப் பகுதியில் ஏற்கெனவே வேலை செய்யும் ஏதேனும் ஒரு குழுவில் பெயரைப் பதிவு செய்து, அவர்கள் அனுப்பும் வீட்டுக்குப் போங்கள். உங்களுக்கான உணவும் குடிநீரும் உங்கள் பையிலேயே இருக்கட்டும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், ஆறாத புண் உள்ளவர்களும் சேற்றில் இறங்க வேண்டாம். பதிவு மேசையிலும் தொலைபேசியிலும் உட்கார ஆள் இல்லாமல் குழுக்கள் திணறுகின்றன. அதுவும் இதே பணிதான்.

கனமான அடிப்பகுதி உள்ள ரப்பர் பூட்ஸ், தடித்த கையுறை, கண்களை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை ஆகியவை கட்டாயம் வேண்டும். சேறு காய்ந்து தூசியாகப் பறக்கும் இடத்தில் துணி முகக்கவசம் போதாது, என்-95 வேண்டும்.

உள்ளே நுழையும் முன்

வீட்டை வெளியிலிருந்து ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். சுவரில் புதிய விரிசலோ தொங்கும் கூரையோ தெரிந்தால் உள்ளே போகக் கூடாது. எரிவாயு வாடை வந்தாலும் அப்படியே விலகி வந்துவிடுங்கள். மெயின் சுவிட்ச் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். தண்ணீரில் நின்றுதான் அதைத் தொட முடியும் என்றால் தொடவே வேண்டாம், எலக்ட்ரீஷியன் வரட்டும். பாம்பு ஒதுங்கியிருக்கலாம் என்பதால் இருட்டு மூலைகளில் கையை விடாமல் கம்பால் தட்டிப் பாருங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ ஜன்னல் ஓரத்திலோ ஓட்டக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது; ஆளைக் கொன்றுவிடும்.

சேற்றில் கை வைப்பதற்கு முன்

புதிதாக வருபவர்கள் அவசரப்படுவது இங்கேதான். மண்வெட்டியை எடுத்ததும் வேகம் வந்துவிடுகிறது. கண்ணில் பட்டதெல்லாம் குப்பையாகத் தெரிகிறது. அந்தக் குப்பை நேற்று வரை ஒருவருடைய வாழ்க்கையாக இருந்தது. எதை எறியலாம் என்று முடிவு செய்யும் உரிமை வீட்டுக்காரருக்கு மட்டுமே உண்டு. அவர் யோசிக்க நேரம் எடுத்தால் காத்திருங்கள். அழுதால் வேலையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

முதலில் சுவரில் தண்ணீர் ஏறிய அடையாளத்தையும் சேதமான பொருள்களையும் அவர் புகைப்படம் எடுத்துக்கொள்ளட்டும். காப்பீட்டுக்கோ நிவாரணத்துக்கோ விண்ணப்பிக்கும்போது அது தேவைப்படும். பிறகு பொருள்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: வைத்துக்கொள்வது, எறிவது, பிறகு முடிவு செய்வது. மூன்றாவது குவியல் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை.

நனைந்த பத்திரங்களையும் புகைப்படங்களையும் தனியே எடுத்து வையுங்கள். ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்காதீர்கள். சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவிட்டால் பெரும்பாலும் தானாகப் பிரியும். படம் உள்ள பக்கத்தைத் தேய்க்காமல் நிழலில் பரப்பி உலர்த்துங்கள். இரண்டு நாளுக்குள் உலர்த்த முடியாதவற்றை உறைபனிப் பெட்டியில் வைத்துப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 2011-இல் ஜப்பானைத் தாக்கிய சுனாமிக்குப் பின், தன்னார்வலர்கள் சேற்றில் கிடந்த குடும்பப் படங்களைத் தேடியெடுத்துக் கழுவி உரியவர்களிடம் சேர்த்தார்கள். நாமும் செய்யக்கூடிய வேலைதான் அது.

அள்ளுவதும் கழுவுவதும்

சேறு ஈரமாக இருக்கும்போதே அள்ளுங்கள்; காய்ந்தால் இறுகிவிடும். உள் அறையிலிருந்து வாசலை நோக்கி வாருங்கள். ஈரச் சேறு மிகவும் கனக்கும் என்பதால் வாளியைப் பாதிதான் நிரப்ப வேண்டும். வரிசையாக நின்று கைமாற்றினால் முதுகு தப்பும். அள்ளியதைச் சாக்கடையில் தள்ளிவிடாதீர்கள், அடுத்த மழைக்கு அதே தெரு மூழ்கும். குளிர்பதனப் பெட்டியைத் திறக்காமல் கயிற்றால் கட்டி வெளியேற்றுங்கள்.

தரையையும் சுவரையும் முதலில் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவ வேண்டும், பிளீச் அதற்குப் பிறகுதான். அழுக்கின் மேல் ஊற்றினால் பிளீச்சின் வீரியம் அழுக்கிலேயே தீர்ந்துவிடும். 5 சதவீத பிளீச் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு சேர்த்து, அன்றன்று புதிதாகக் கலக்குங்கள். பரப்பில் பத்து நிமிடம் ஊறட்டும். பிளீச்சைக் கழிவறை ஆசிட்டுடனோ அம்மோனியா உள்ள திரவத்துடனோ கலக்காதீர்கள், கலந்தால் நச்சுவாயு எழும். கதவு ஜன்னல்கள் எல்லாம் திறந்தே இருக்கட்டும்.

வீடு திரும்பிய பிறகு

உடுத்திய துணியைத் தனியே துவைத்து, சோப்பு போட்டுக் குளியுங்கள். கீறல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் கழுவி மருந்திடுங்கள். வெள்ளநீர் வழியாக எலிக்காய்ச்சல் தொற்றலாம். அறிகுறிகள் தெரிய ஒரு மாதம் வரைகூட ஆகலாம். அதற்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். வெள்ளச் சேற்றில் வேலை செய்ததை அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.